அடுப்படிப் பதில்கள்: இந்த முறை பீட்சா

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாலும் விட்டார்கள், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பீட்சாவைப் பற்றித்தான். மோர்க்குழம்பு ஏன் திரிகிறது என்று கேட்ட நெல்லித்தோப்பு வாசகியும், வடாம் சிவக்கிறதே என்று கவலைப்பட்ட பண்ருட்டி வாசகரும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பையனும் பெண்ணும் பீட்சா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நாலு பேருக்கு வரவழைத்தால் ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடுகிறது. என் வீட்டுக்காரரோ மைதாவும் சீஸும் விஷம் என்கிறார். என்னிடம் ஓவன் கிடையாது. உடம்பையும் கெடுக்காமல், கையையும் கடிக்காமல் வீட்டில் செய்ய வழி உண்டா?
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: உண்டும்மா. முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. காலையில் ரொட்டிக்கடையில் வாங்கிவந்து காபியில் தோய்த்துச் சாப்பிடுகிறோமே, அதுவும் மைதாதான். புதுச்சேரியில் இருந்துகொண்டு மைதாவை விஷம் என்று சொன்னால் எப்படி? கோதுமையின் தவிடும் முளையும் நீங்கிப்போனது மைதா. நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. அதனால் தினமும் அதுவே வேண்டாம், சரி. வாரத்தில் ஒரு நாள், பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

பீட்சா என்பதும் ரொட்டிதான். மேலே கொட்டுகிற சீஸிலும், சாஸிலும், பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளிலும்தான் காசும் போகிறது, உப்பும் கொழுப்பும் ஏறுகிறது. நீங்கள் மாவுக்கு நேரம் கொடுங்கள், மேலே போடுவதில் கையைச் சுருக்குங்கள். அடி ருசியாக அமைந்துவிட்டால் பிள்ளைகள் சீஸ் எங்கே என்று கேட்கமாட்டார்கள். (என் பேரன் கேட்பான். அவன் கதை வேறு.)

நாலு பேருக்கு அளவு சொல்கிறேன். கோதுமை மாவு 200 கிராம், மைதா 200 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டீஸ்பூன், தண்ணீர் 270 மில்லி. கோதுமை மாவு பழசாக இருந்தால் இன்னும் ஒரு கை தண்ணீர் குடிக்கும். கடலோரத்தில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும், அதனால் குடிக்கிற தண்ணீரிலேயே பிசையுங்கள். தண்ணீர் விரலுக்கு இதமான சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போய் மாவு அப்படியே கிடக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் சூடு பண்ணவே வேண்டாம், குடத்துத் தண்ணீரே போதும்.

சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் கொஞ்சம் ஒட்டுகிற பதத்தில் பிசையவேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைத் தூவாதீர்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பத்து நிமிடம் இழுத்து மடித்துப் பிசைந்தால் தானாக வழிக்கு வரும். மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக உப்பிவிடும், மார்கழியில் இன்னொரு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

அடுப்புக்கு ஓவன் வேண்டாம், கனமான இரும்பு தோசைக்கல் போதும். மாவை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சாண் அகலத்துக்குக் கையாலேயே தட்டிக்கொள்ளுங்கள். சப்பாத்தியைப்போல இரண்டு மடங்கு கனம் இருக்கட்டும். ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மட்டும் முள்கரண்டியால் குத்துங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் நடுத்தரத் தீயில் போட்டு, அடியில் பழுப்புப் புள்ளி விழும்வரை விடுங்கள், இரண்டு நிமிடம் ஆகும். இப்போது திருப்பிப்போட்டு, தீயை சிம்மில் வைத்து, வெந்த பக்கம் மேலே இருக்கும்போதே சாஸ், காய், சீஸ் என்று மளமளவென்று பரப்பி மூடிவிடுங்கள். வெந்த பக்கத்தில் சாஸ் தடவுவதால்தான் மாவு நசநசவென்று ஆகாமல் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும்.

பலருக்கும் சிக்கல் மூடியில்தான் வருகிறது. மூடியின் உள்பக்கம் ஆவி தண்ணீராகத் திரண்டு, சொட்டுச் சொட்டாகச் சீஸ் மேல் விழுந்து எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும். மெல்லிய பருத்தித் துணியை மூடியின் உட்புறம் இழுத்துக் கட்டி, நுனிகளை மேலே கைப்பிடியில் முடிந்துவிடுங்கள். துணி தீப்பக்கம் தொங்கக் கூடாது, அது முக்கியம். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் துணி ஈரமாகவும் சீஸ் காய்ந்தும் இருக்கும். அடி கருக ஆரம்பித்தும் மேலே சீஸ் உருகவில்லையா? அடுப்பை அணைத்துவிட்டு மூடியோடு இரண்டு நிமிடம் விடுங்கள். கல்லின் சூடே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சாஸுக்கு நாட்டுத் தக்காளி அரைக் கிலோ. இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தேங்காய் துருவுகிற தட்டில் தேய்த்தால் சதை கீழே இறங்கும், தோல் கையில் நிற்கும். வேகவைத்துத் தோலுரிக்கிற வேலை மிச்சம். ஒரு ஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய பூண்டு ஆறு பல், இந்தத் தக்காளி, துருவிய காரட் ஒரு பிடி, உப்பு ஒரு சிட்டிகை, மிளகாய்த்தூள் கொஞ்சம். கால் மணி நேரம் சுண்டவிட்டால் ஜாம்போல வரும். நாட்டுத் தக்காளியின் புளிப்பைக் காரட் அடக்கிவிடும், சர்க்கரை வேண்டாம். பாட்டில் கெட்சப்பைத் தடவுகிறவர்கள் அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தக்காளிக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை நிற்கும்.

செலவு? மாவும் ஈஸ்ட்டும் சேர்த்து 25 ரூபாய் வரும். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் நான் வாங்கிய விலைக்குத் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் 50 ரூபாய். சீஸ் 160 கிராம், நூறு ரூபாயை ஒட்டி. கேஸையும் சேர்த்து 200 ரூபாய்க்குள் நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். தக்காளி விலை ஏறுகிற மாதத்தில் சாஸுக்குப் பாதி பரங்கிக்காய் போடுங்கள். ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: முழுக்க முழுக்கக் கோதுமை மாவில் பீட்சா செய்தேன். செருப்புத் தோல் மாதிரி வந்தது. என்ன தப்பு?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: அவசரம்தான் தப்பு. கோதுமை மாவில் இருக்கிற தவிடு தண்ணீரை மெதுவாக உறிஞ்சும். அதன் கூரான துணுக்குகள் மாவின் பசையிழைகளை அறுத்துவிடும், அதனால் காற்று உள்ளே தங்காது. மைதாவுக்குச் சொன்ன அளவுத் தண்ணீரைக் கோதுமைக்கு விட்டிருப்பீர்கள், அது போதாது. 400 கிராம் கோதுமை மாவுக்கு 300 மில்லிக்குக் குறையாமல் வேண்டும். முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். தவிடு ஊறி மென்மையாகட்டும். அப்புறம் ஈஸ்ட், உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசையுங்கள்.

இன்னும் நல்ல வழி, ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை மூடி ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைப்பது. குளிரில் மெதுவாகப் புளிக்கப் புளிக்க ருசியும் கூடும், மாவும் இளகும். சனிக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவுகிற நேரத்தில் பிசைந்துவிட்டால் ஞாயிறு மதியம் கவலையில்லை. அடுப்பில் வைக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள்.

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகளில் 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடுகிறது. நம் வீட்டு ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) 250 டிகிரியோடு நின்றுவிடும். ரொம்ப நேரம் வைத்தால் ஈரம் வற்றி இறுகத்தான் செய்யும். ஓடிஜி இருப்பவர்கள் தட்டைக் காலியாகவே இருபது நிமிடம் சூடேற்றிவிட்டு, அதன்மேல் பீட்சாவை வையுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

கேள்வி: நான் வேலை நிமித்தம் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். மாவு பிசைகிற பொறுமையெல்லாம் இல்லை. ஏதாவது வழி?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: தம்பி, உங்களுக்காகத்தான் ரொட்டிக்கடை இருக்கிறது. பன்னையோ நீளமான ரொட்டியையோ குறுக்கே பிளந்து, அதே சாஸைத் தடவி, வெங்காயமும் கொஞ்சம் சீஸும் போட்டு தவாவில் மூடிவையுங்கள். கூடவே ஒரு அவித்த முட்டை. ரெடிமேட் பீட்சா அடியும் பாக்கெட்டில் கிடைக்கும். ஆனால் தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: கடையில் பீட்சா சீஸ் என்று ஒன்று மலிவாக இருக்கிறது, மொசரெல்லா என்று ஒன்று விலையாக இருக்கிறது. எதை வாங்குவது? பன்னீர் போட்டால் உடம்புக்கு நல்லதுதானே?
(வாசகி, ரெட்டியார்பாளையம்)

பதில்: பெயரைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானத்தைப் பாருங்கள். எடையில் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். பால், உப்பு, ரென்னட் (பாலை உறையவைக்கிற பொருள்) என்று இருந்தால் அது சீஸ். பாமாயில், ஸ்டார்ச் என்று ஆரம்பித்தால் அது சீஸ் வேஷம் போட்ட எண்ணெய். நன்றாகவே உருகும், இழுக்கவும் வரும், ஆனால் பாலின் புரதத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள். சதுரச் சதுரமாக வருகிற பதப்படுத்திய சீஸில் உப்பு கூடுதல்.

பன்னீர் நல்லதுதான், ஆனால் உருகாது. கொதிக்கிற பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்தெடுத்ததால் அது சூட்டில் இளகாது. அதனால் சீஸுக்குப் பதிலாகப் போடாமல் காய்களோடு சேர்த்துப் போடுங்கள், புரதம் கிடைக்கும்.

சீஸைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஒரு ஆளுக்கு 40 கிராம் மொசரெல்லா என்றால் எட்டு கிராமுக்கு மேல் புரதம், நல்ல கால்சியம், ஒன்பது கிராம் அளவுக்குக் கொழுப்பு. வளர்கிற பிள்ளைக்கு இது கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைப் பீட்சாவில் எக்ஸ்ட்ரா சீஸ் என்று இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறதே, அதுதான் சங்கடம். ஃபிரீசரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பொடியாகத் துருவினால் 40 கிராமே தட்டு முழுக்கப் பரவும். பட்டை பட்டையாக வெட்டிப் போட்டால் 80 கிராமும் போதாதுபோல இருக்கும்.

சீஸே இல்லாமலும் பீட்சா உண்டு. மரினாரா என்று நேப்பிள்ஸில் பழைய வகை, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைவினையை யுனெஸ்கோ 2017-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர்க்காரர்களே இப்படிச் சாப்பிடும்போது நாம் மாதக் கடைசியில் சீஸ் வாங்கவில்லையே என்று குறைபட வேண்டியதில்லை.

பண்ருட்டிப் பக்கத்து வாசகிகளுக்குத் தனியாக ஒரு யோசனை. முந்திரிக் குருணை ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு வைத்து வெண்ணெய்ப் பதத்தில் அரைத்துத் தடவுங்கள். முழு முந்திரியைவிடக் குருணை மலிவு. அதன்மேல் சீஸ் பாதி போட்டால் போதும். பலா சீசனில் பலாமூசை மிளகுத்தூள் போட்டு வதக்கிப் பரப்பினால் கறி போட்ட பீட்சா என்றே சொல்வார்கள்.

கேள்வி: ஓரிகானோ சின்ன பாட்டில் வாங்கினால் விலையாக இருக்கிறது. அது இல்லாமல் பீட்சா வாசனை வருமா?
(வாசகி, முதலியார்பேட்டை)

பதில்: உங்கள் வீட்டு வாசலில் கற்பூரவல்லி இருக்கிறதா? சளிக்குக் கஷாயம் போடுகிறோமே, அதே செடிதான். ஓரிகானோவுக்கு வாசனை தருகிற கார்வக்ரால் கற்பூரவல்லி இலையிலும் இருக்கிறது. இரண்டு இலையைப் பொடியாக நறுக்கி, சாஸ் இறக்குகிற நேரத்தில் போட்டுக் கிளறுங்கள். இரண்டே இலை, மூன்றாவது போட்டால் கஷாயமாகிவிடும். செடி இல்லாதவர்கள் ஓமத்தைக் கால் டீஸ்பூன் வறுத்துக் கசக்கிப் போடலாம்.

கேள்வி: ஈஸ்ட் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?
(வாசகி, வில்லியனூர்)

பதில்: இல்லை. சூட்டில் அது செத்துவிடுகிறது. ரொட்டி சாப்பிடுகிற எல்லோரும் சாப்பிடுவதுதான்.

கேள்வி: அம்மா, நாங்கள் மீன் இல்லாமல் சாப்பிடாத ஜனம். பீட்சாவில் மீன் போடலாமா? பாலும் மீனும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று என் மாமியார் தடுக்கிறார்.
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: தாராளமாகப் போடலாம். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் தோலின் நிறச் செல்களையே தாக்குவதால் வருவது. பாலும் மீனும் அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் மாமியாரோடு வாதாட வேண்டாம். அவருக்கு மட்டும் சீஸ் இல்லாமல் ஒன்று செய்து கொடுங்கள். ருசியில் அதுதான் முதலில் நிற்கும், பாருங்கள்.

இத்தாலியில் பீட்சா மேல் போடுகிற மீன் நம் நெத்திலியின் குடும்பம்தான். அவர்கள் உப்பில் ஊறவைத்துப் போடுகிறார்கள், நமக்குத் துறைமுகத்தில் பச்சையாகவே கிடைக்கிறது. தலையைக் கிள்ளி, வயிற்றை விரலால் வழித்து, கட்டைவிரலை உள்ளே விட்டு வால்வரை ஓட்டினால் நடுமுள் ஒரே இழுப்பில் வந்துவிடும். மஞ்சள், மிளகு, கொஞ்சம் எலுமிச்சை புரட்டி, கல்லில் எண்ணெய் தடவி வாட்டியெடுத்து மேலே அடுக்குங்கள். பச்சையாக வைத்து வேகவிடாதீர்கள், தண்ணீர் விட்டு மாவு ஊறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை எகிறும். அப்போது நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் நன்றாக அலசி மொறுமொறுவென்று வறுத்து உதிர்த்துத் தூவலாம். அன்றைக்குச் சாஸில் உப்பே போடக் கூடாது, மாவிலும் பாதிதான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், கருவாடு அதில் பெரும் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை. பிள்ளைகள் சாப்பிடும்போது அவருக்கும் ஆசை. கேழ்வரகு மாவில் செய்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: எவ்வளவு வேண்டுமானாலும் என்பது எந்த மாவுக்கும் கிடையாது. கேழ்வரகும் மாவுச்சத்துதான், மைதாவைவிட நார் கூடுதல். அதில் மாவை இழுத்துப் பிடிக்கிற பசை கிடையாது, அதனால் முழுக்கக் கேழ்வரகு என்றால் விரிசல் விடும். 200 கிராமில் 50 கிராம் மட்டும் கேழ்வரகு, மிச்சம் கோதுமை என்று வையுங்கள்.

அத்தைக்கு மெல்லியதாகத் தட்டி, சீஸைக் குறைத்து, அவித்த கொண்டைக்கடலையும் முருங்கைக்கீரையும் மேலே நிறையப் போடுங்கள். கீரையைத் துளி எண்ணெயில் வதக்கிவிட்டுப் போடவேண்டும். முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரி, தக்காளிப் பச்சடி சாப்பிட்டுவிட்டு, அப்புறம் பீட்சாவில் இரண்டு துண்டு. அன்றைக்கு வேறு சோறோ இட்லியோ வேண்டாம். இன்னொரு விஷயம், கொழுப்பு சேர்ந்த பீட்சாவில் சர்க்கரை உடனே ஏறாமல் தாமதமாக ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, நாலு மணி நேரத்தில் ஒரு தடவை பார்த்துக் குறித்து வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் முன்கூட்டியே அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மிச்சமான பீட்சாவை மறுநாள் சாப்பிடலாமா? சூடாக்கினால் ரப்பராகிவிடுகிறது.
(வாசகர், பாகூர்)

பதில்: வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொடாதீர்கள், நம் ஊர் வெக்கையில் மீன் போட்டதென்றால் ஒரு மணி நேரமே அதிகம். சூடு ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தாங்கும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராவது அதில்தான். தோசைக்கல்லைச் சிம்மில் வைத்து, துண்டை வைத்து, பக்கத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். அடி மொறுமொறுப்பாகவும் சீஸ் இளகியும் வரும். பிசைந்த மாவே மிச்சமிருந்தால் வெங்காயமும் பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் பொடியாக நறுக்கிச் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னதாகத் தட்டி எடுங்கள். திங்கட்கிழமை டிபன் டப்பாவுக்கு ஆச்சு.